வலிதற்ற லேபிளோடு வந்த வன்தட்டு: மவுண்ட் ஆகிறது, ஆனால் வலைச் சேவையகத்தால் வாசிக்க முடியவில்லை

புதுக்கடைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு புதுக்கடையில் உள்ள ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். காணி உறுதிகளை ஸ்கேன் செய்து சேமித்து வைக்கும் அவர்களுடைய சேவையகம் இதுவரை சென்ட்ஓஎஸ் 7இல் ஓடியது. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால், அல்மாலினக்ஸ் 9 நிறுவிய புதிய இயந்திரத்துக்கு மாறினோம். உறுதிகள் இருந்த எக்ஸ்எஃப்எஸ் வன்தட்டைக் கழற்றி, அப்படியே புதியதில் பொருத்தினேன்.

மவுண்ட் ஒரு முறைப்பாடும் இல்லாமல் நடந்தது. ரூட் பயனராக உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன. ஆனால் அலுவலகத்தில் இருப்பவர்கள் உலாவியில் ஓர் உறுதியைத் திறந்தால் 403 (அனுமதி இல்லை) என்று வருகிறது. வழமையான அனுமதிகளையும் உரிமையாளரையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்; அவற்றில் தவறு இல்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில், குறிப்பிட்ட ஐநோடு (ஒரு கோப்பின் விவரப் பதிவு) ஒன்றில் வலிதற்ற லேபிள் காணப்பட்டது என்றும், அதற்கு மறுபடி லேபிள் இட வேண்டியிருக்கலாம் என்றும் எஸ்இலினக்ஸ் (கோப்புகளின் லேபிளைப் பார்த்து, எந்தச் செயல்முறை எதைத் தொடலாம் என்று முடிவு செய்யும் கெர்னலின் பாதுகாப்பு அடுக்கு) சொல்கிறது. எல்எஸ் கட்டளைக்குப் பெரிய இசட் கொடுத்துப் பார்த்தால் எல்லாக் கோப்புகளும் அன்லேபில்ட்_டி என்றே தெரிகின்றன.

அந்தச் செய்தியில் டீட்_ஆர்க்கைவ்_டி என்ற பெயர் இருந்தது. எனக்கு முன்பு இருந்தவர் எழுதி எஸ்இலினக்ஸ் விதிகளோடு சேர்த்த மொடியூலில் உள்ள டைப் (லேபிளில் கோப்பின் வகையைச் சொல்லும் பகுதி) அது. அதையே, மவுண்ட் அமைப்புகள் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில், முழுத் தட்டுக்கும் ஒரே லேபிளை இடும் கான்டெக்ஸ்ட் விருப்பமாகக் கொடுத்துப் பார்த்தேன். உடனே மவுண்ட் தோல்வியடைந்தது: கோப்புமுறைமை வகை பிழை, அல்லது விருப்பம் பிழை, அல்லது சூப்பர்பிளாக் பழுது என்று மூன்றையும் ஒரே வரியில் சொல்கிறது. மறுதொடக்கம் செய்தபோது இயந்திரம் அவசர நிலைக்குப் போய் நின்றுவிட்டது. தட்டில் அதே பெயர் இருக்கும்போது மவுண்ட் ஆகிறது, விருப்பத்தில் அதே பெயரைக் கொடுத்தால் மறுக்கிறது. இது எப்படி என்று விளங்கவில்லை. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பெயர் ஓட்டிப் பார்க்கலாமா?

மருதானைச்சந்தி எழுதியது:

எங்கள் அலுவலகத்திலும் போன வருடம் இதே நிலைமை வந்தது. ஆடிட்2அலவ் கட்டளைக்கு மறுப்புப் பதிவுகளைக் கொடுத்து, அது உருவாக்கித் தந்த மொடியூலை நிறுவினேன். ஐந்து நிமிடத்தில் சேவை திரும்பிவிட்டது. வேலை நிற்கிறதென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், செட்என்ஃபோர்ஸ் 0 கொடுத்து எஸ்இலினக்ஸின் தடுப்பை நிறுத்திவிட்டு ஆறுதலாக ஆராயலாம்.

கடலோரவீதி எழுதியது:

தம்பி, முதலில் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பெயரைத் தொட வேண்டாம். சூப்பர்பிளாக் பழுது என்ற சொற்களைப் பார்த்துப் பயந்து, பெரிய எல் விருப்பத்தோடு அதை ஓட்டி, பதிவேட்டில் எழுதப்படாமல் மிச்சமிருந்த மாற்றங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். மவுண்ட் கட்டளைக்குக் கெர்னலிடமிருந்து கிடைப்பது ஒரு பிழை எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாமோ அத்தனையையும் அது ஒரே வரியில் அடுக்கிவிடுகிறது. உண்மையான காரணம் டிமெஸ்ஜியில் இருக்கும். நீங்கள் கொடுத்த லேபிளை அடையாள எண்ணாக மாற்ற முடியவில்லை, பிழை எண் -22 என்று எஸ்இலினக்ஸ் எழுதியிருப்பதை அங்கே காண்பீர்கள். வன்தட்டில் எந்தப் பழுதும் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே பெயர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடத்தப்படுவது கெர்னலின் குழப்பம் அல்ல, யோசித்து எடுத்த முடிவு. கோப்புமுறைமையை மவுண்ட் செய்யும் நேரத்தில் கெர்னல் உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளின் லேபிள்களையும் படித்துப் பார்ப்பதில்லை. வேர் அடைவைத் தவிர, ஒவ்வொரு கோப்பும் முதன்முதலாகத் தேவைப்படும்போதுதான் அதன் செக்யூரிட்டி.எஸ்இலினக்ஸ் என்ற நீட்டிப்புப் பண்பு வாசிக்கப்பட்டு, அதில் உள்ள பெயர் நடப்புப் பாலிசியில் (எஸ்இலினக்ஸின் விதித் தொகுப்பில்) இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இல்லையென்றால் கெர்னல் அந்தப் பெயரை அழிப்பதுமில்லை, கோப்பை மறைப்பதுமில்லை. எழுதியிருந்த எழுத்துகளை அப்படியே தன் நினைவில் வைத்துக்கொண்டு, அனுமதி கேட்கப்படும் இடத்தில் மட்டும் அந்தக் கோப்பை அன்லேபில்ட்_டி ஆக நடத்துகிறது. 2008இல் வந்த 2.6.27 கெர்னலில் இருந்து இதுதான் நடைமுறை. ஒரு பாலிசி ஓடும் இயந்திரத்தில் இருந்துகொண்டு வேறொரு பாலிசிக்கான நிறுவல் படிமத்தைக் கட்டுபவர்களுக்கு, தங்கள் பாலிசி அறியாத லேபிள்களையும் எழுத வேண்டிய தேவை இருந்தது. அந்தத் தேவைக்காகவே இது வந்தது.

மவுண்ட் விருப்பமாக நீங்கள் கொடுக்கும் லேபிளின் கதை வேறு. அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் ஒரு தகவல் அல்ல. நிர்வாகி இந்தக் கணத்தில் இடும் கட்டளை. பாலிசிக்குத் தெரியாத பெயரைச் சொல்லி, எல்லாக் கோப்புகளையும் இப்படி நடத்து என்று கட்டளையிட்டால், எப்படி நடத்துவது என்று கெர்னலுக்குத் தெரியாது. ஆகவே அங்கேயே மறுத்துவிடுகிறது. அது மறுப்பதே நமக்குப் பாதுகாப்பு.

ரூட் பயனராக உங்களால் திறக்க முடிவதற்குக் காரணம், உங்கள் ஷெல் அன்கன்ஃபைன்ட்_டி என்ற கட்டற்ற டொமைனில் (செயல்முறைக்குரிய டைப்பில்) ஓடுவது. வலைச் சேவையகம் எச்டிடிபிடி_டி என்ற கட்டுக்குள் ஓடுகிறது. அதனால் ரூட்டாகப் போய்த் திறந்து பார்ப்பது இந்த விடயத்தில் எதையும் நிரூபிக்காது.

மருதானைச்சந்தி சொன்ன வழியை நான் மனதார எதிர்க்கிறேன், அவர் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் கூட. அன்லேபில்ட்_டி என்பது ஒரு வகைக் கோப்பின் பெயர் அல்ல. அடையாளம் தெரியாத எல்லாமும் வந்து விழும் குவியல் அது. நாளைக்கு யாரோ ஒருவர் வேறொரு தட்டைப் பொருத்தினாலும், ஒரு மொடியூல் நீக்கப்பட்டு அதன் டைப்புகள் செல்லாமல் போனாலும், அந்தக் கோப்புகளும் அதே குவியலில்தான் விழும். எச்டிடிபிடி_டி அதை வாசிக்கலாம் என்று ஒரு விதி எழுதிவிட்டால், இன்றைய உறுதிகளுக்கு மட்டுமல்ல, இனி வரப்போகும் அத்தனை அநாதைக் கோப்புகளுக்கும் வலைச் சேவையகத்தைத் திறந்துவிட்டீர்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஏயூசர்ச் கட்டளையில் அண்மைய மறுப்புகளை எடுத்து, இலக்கு லேபிளுக்குப் பின்னால் ட்ராகான் என்ற புலம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கெர்னல் 5.14, அதில் இந்தப் புலம் உண்டு. இலக்கு லேபிள் அன்லேபில்ட்_டி என்று காட்டினாலும், தட்டில் உண்மையில் எழுதியிருக்கும் பெயரை ட்ராகான் காட்டும்.

புதுக்கடைக்காரன் எழுதியது:

மிக்க நன்றி அக்கா. நீங்கள் சொன்னபடியே டிமெஸ்ஜியில் -22 இருந்தது. எஃப்எஸ்டேப்பில் அந்த விருப்பத்தை நீக்கியதும் இயந்திரம் ஒழுங்காக எழும்புகிறது.

ட்ராகான் புலமும் கிடைத்தது. ஆனால் நான் நினைத்ததற்கு மாறாக, இரண்டு பெயர்கள் வருகின்றன. பெரும்பாலான கோப்புகளில் சிஸ்டம்_யூ:ஆப்ஜெக்ட்_ஆர்:டீட்_ஆர்க்கைவ்_டி:எஸ்0. ஸ்கேன் செய்தவுடன் வந்து சேரும் அடைவில் உள்ளவற்றில் மட்டும் டீட்_ஆர்க்கைவ்_டி இருக்க வேண்டிய இடத்தில் டீட்_இன்கமிங்_டி. பழைய காப்புப்பிரதியைத் தேடியதில், அந்த மொடியூலின் மூலக் கோப்புகள் மூன்றும் கிடைத்தன. அதில் எழுதியிருப்பதை நான் விளங்கிக்கொண்டது சரியென்றால், ஸ்கேனர் சேவை இன்கமிங் அடைவில் மட்டும் எழுதலாம். சரிபார்த்து முடிந்த உறுதிகள் ஆர்க்கைவ் லேபிளுக்கு மாறும். வலைச் சேவையகம் ஆர்க்கைவை வாசிக்கலாம், ஆனால் எழுத முடியாது.

களனிக்கரை எழுதியது:

நான் பெரும்பாலும் சேமிப்பகங்களோடு வேலை செய்பவன். என்னுடைய கருத்து சற்று வேறு. ஒரு தட்டில் உள்ள கோப்புகள் முழுவதும் வலைச் சேவையகத்துக்கானவை என்றால், பாலிசிக்குத் தெரிந்த எச்டிடிபிடி_சிஸ்_கான்டென்ட்_டி என்ற டைப்பைக் கான்டெக்ஸ்ட் விருப்பத்தில் கொடுத்து மவுண்ட் செய்வதில் என்ன குறை? தட்டில் ஒரு பைட்டும் மாறாது. பிடிக்காவிட்டால் அன்மவுண்ட் செய்தால் பழையபடி இருக்கும். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் வெளி வன்தட்டுகளுக்கும், லேபிள்களைக் கடத்தாத என்எஃப்எஸ் பகிர்வுகளுக்கும் நான் வருடக் கணக்கில் இப்படித்தான் செய்கிறேன்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட மூன்றைச் சொல்லிவிடுகிறேன். கான்டெக்ஸ்ட் விருப்பத்தின் மதிப்பை ரீமவுண்டில் மாற்ற முயன்றால் கெர்னல் மறுக்கும். அன்மவுண்ட் செய்துதான் திரும்ப மவுண்ட் செய்ய வேண்டும். லேபிளில் சி127,சி456 என்பது போல் வகைப்பிரிவுகள் இருந்தால், நடுவில் உள்ள காற்புள்ளியை மவுண்ட் கட்டளை அடுத்த விருப்பத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். லேபிளை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, முழு விருப்பத்தொடரையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால்தான் அது முழுதாகப் போய்ச் சேரும். அடுத்தது, ஒரே கோப்புமுறைமையை இரண்டு இடங்களில் இரண்டு வேறு லேபிளோடு மவுண்ட் செய்ய முடியாது. ஒரே சூப்பர்பிளாக்குக்கு வேறு வேறு பாதுகாப்பு அமைப்புகள் என்று சொல்லிக் கெர்னல் மறுத்துவிடும். என்எஃப்எஸ் என்றால் நோஷேர்கேஷ் விருப்பத்தைச் சேர்த்து இதைத் தாண்டலாம்.

கடலோரவீதி எழுதியது:

களனிக்கரை அண்ணா, வெளியார் தட்டுகளுக்கு நீங்கள் செய்வது முற்றிலும் சரி. நான் அதற்கு ஒரு படி மேலேயும் போவேன். வெளியில் இருந்து வரும் தட்டில் வலிதற்ற லேபிளைவிட, வலிதான ஆனால் பொய்யான லேபிளுக்கே நாம் அதிகம் பயப்பட வேண்டும். தெரியாத பெயர் குவியலில் விழுந்து மறுக்கப்படும். அதனால் வேலை கெடுமே தவிர, கதவு திறக்காது. ஆனால் தன் மடிக்கணினியில் ரூட்டாக இருக்கும் எவரும், எந்த நம்பகமான டைப்பின் பெயரையும் தன் கோப்பில் எழுதிக் கொண்டுவர முடியும். பம்பலப்பிட்டியில் வாங்கிய ஒரு வெளி வன்தட்டில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட தட்டுக்குக் கான்டெக்ஸ்ட் விருப்பத்தைக் கொடுத்தால், அதன் மேல் உள்ள லேபிள்கள் ஒன்றும் கணக்கில் எடுக்கப்பட மாட்டா. கெர்னலும் இதே எண்ணத்தோடுதான் நடக்கிறது. சிறப்புரிமை இல்லாத ஒருவர் தன் பயனர் நேம்ஸ்பேஸுக்குள் ஒரு கோப்புமுறைமையை மவுண்ட் செய்தால், அதில் உள்ள லேபிள்களை எஸ்இலினக்ஸ் நம்புவதில்லை. முழு மவுண்டுக்கும் ஒரே லேபிளைப் பாவிக்கிறது.

ஆனால் தம்பியின் தட்டு வெளியார் தட்டு அல்ல. அதில் இருக்கும் லேபிள்களை அதே அலுவலகத்தின் பழைய பாலிசிதான் எழுதியது, அவற்றை நம்பலாம். அதோடு, அவை இரண்டு. கான்டெக்ஸ்ட் விருப்பம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வாசிப்பதற்கு மட்டுமான டைப்பைக் கொடுத்தால் ஸ்கேனர் சேவை எழுத முடியாமல் நிற்கும். எழுதக்கூடிய டைப்பைக் கொடுத்தால், வலைச் சேவையகத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் சரிபார்த்து முடித்த உறுதிகளை மாற்றி எழுதலாம். காணி உறுதியில் ஒரு பக்கம் மாறுவது என்றால் ஒரு குடும்பத்தின் காணி மாறுவது. முன்பு இருந்தவர் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார் என்றால் காரணத்தோடுதான் பிரித்திருக்கிறார். அந்தப் பிரிவைத் தெரியாமல் கலைத்துவிட வேண்டாம்.

பாதைக்கான விதிப்படி கோப்புகளுக்கு மறுபடி லேபிள் இடும் ரெஸ்டோர்கானை இப்போதே ஓட்டக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். டிமெஸ்ஜி செய்தி மறுபடி லேபிள் இடச் சொல்வதால், எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் தட்டு எஸ்ஆர்வி அடைவுக்குள் மவுண்ட் ஆகியிருந்தால், அந்தப் பாதைக்குத் தனி விதி எதுவும் இல்லாத நிலையில் ரெஸ்டோர்கான் எல்லாவற்றிலும் வார்_டி என்று எழுதிவிடும். வலைச் சேவையகம் அப்போதும் வாசிக்காது. தட்டில் பத்திரமாக இருந்த இரண்டு பெயர்களும் அழிந்துவிடும். குறைபாடாகத் தெரியும் அந்த வலிதற்ற லேபிள்தான், எந்தக் கோப்பு எதற்குரியது என்று சொல்ல இப்போது எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி.

ஆகவே என் யோசனை இது. முதலில் லேபிள்களின் பிரதி ஒன்றை எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில், நீட்டிப்புப் பண்புகளை வாசிக்கும் கெட்எஃப்ஏட்டர் கட்டளையும் அன்லேபில்ட்_டி என்றுதான் காட்டும், ஏனென்றால் மேக்_அட்மின் அனுமதி உள்ள செயல்முறைக்கு மட்டுமே மூலப் பெயர் கொடுக்கப்படும். எஸ்இலினக்ஸ் ஓடாத ஒரு லைவ் ஊடகத்தில் தொடங்கி, தட்டை வாசிக்க மட்டும் மவுண்ட் செய்து, அதே கட்டளையால் எல்லா லேபிள்களையும் ஒரு கோப்பில் கொட்டி வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு லைவ் போதும், அது எஸ்இலினக்ஸுக்குப் பதிலாக ஆப்ஆர்மர் பாவிக்கிறது. தேவை வந்தால் செட்எஃப்ஏட்டரின் ரிஸ்டோர் விருப்பம் அந்தக் கோப்பில் இருந்தே எல்லாவற்றையும் திரும்ப எழுதும். அதன் பின்பு, பழைய மொடியூலை அதன் மூலத்தில் இருந்து புதிய பாலிசிக்கு எதிராகத் தொகுத்து நிறுவுங்கள். பழைய தொகுப்புக் கோப்பை நேரடியாக நிறுவ முயல வேண்டாம். இடையில் பாலிசி நிறைய மாறியிருக்கிறது. லேபிள் எதையும் தொடாமல், மொடியூலை மட்டும் நிறுவிப் பாருங்கள்.

மருதானைச்சந்தி எழுதியது:

அக்கா சொன்னதை வாசித்த பிறகு, போன வருடம் நான் நிறுவிய மொடியூலைத் திறந்து பார்த்தேன். நீங்கள் எச்சரித்த அதே விதிதான் அதில் இருக்கிறது; எழுதும் அனுமதி கூடச் சேர்ந்திருக்கிறது. அந்த இயந்திரத்தில் இப்போது அன்லேபில்ட்_டி கோப்புகள் எத்தனை இருக்கின்றன என்று ஃபைண்ட் கட்டளையின் கான்டெக்ஸ்ட் நிபந்தனையால் தேடினேன். அன்று நாங்கள் கொண்டுவந்த அடைவைத் தவிர, வேறொருவர் பின்னர் இறக்கிவைத்த ஒரு தரவுத்தளக் காப்பும் அதில் இருக்கிறது. அதை வலைச் சேவையகம் இவ்வளவு நாளும் வாசிக்கக்கூடியதாக இருந்திருக்கிறது. மொடியூலை செமொடியூல் கட்டளையின் ஆர் விருப்பத்தால் இன்றே நீக்குகிறேன். ஆனால் அதற்கு முன்பு அந்த அடைவுக்கு செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்டில் விதி எழுதி, ரெஸ்டோர்கானை 'என்' (n) என்ற எழுத்து விருப்பத்தோடு ஓட்டி, எது எதுவாக மாறப்போகிறது என்று பார்க்கிறேன். அந்த விருப்பம் ஒன்றையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் காட்டும். செட்என்ஃபோர்ஸ் 0 பற்றி நான் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன்.

புதுக்கடைக்காரன் எழுதியது:

நேற்றுப் போயா விடுமுறை என்பதால் அலுவலகத்தில் ஒருவரும் இருக்கவில்லை. காலை முழுவதும் இதிலேயே இருந்தேன்.

லேபிள்களின் பிரதியை லைவ் ஊடகத்தில் இருந்து எடுத்தேன். உபுண்டுவில் இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து அப்படியே தெரிந்தன. பிறகு எஸ்இலினக்ஸ் பாலிசி டெவெல் பொதியை நிறுவி மொடியூலைத் தொகுத்தேன். புதிய பாலிசியில் இல்லாத ஒரு டைப்பைக் குறிப்பிட்ட வரி ஒன்றை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. ஒரு திரையில் டிமெஸ்ஜி ஓடிக்கொண்டிருக்க, மற்றத் திரையில் செமொடியூல் கட்டளையைக் கொடுத்தேன். சில விநாடிகளில், டீட்_ஆர்க்கைவ்_டி உள்ள லேபிள் இப்போது வலிதாகிவிட்டது என்று ஒரு வரி. அடுத்து டீட்_இன்கமிங்_டி உள்ளதற்கும் அதே போல் ஒரு வரி. அன்மவுண்ட் செய்யவில்லை, மறுதொடக்கம் செய்யவில்லை, ஒரு கோப்பின் லேபிளையும் மாற்றவில்லை. உலாவியில் ஒரு நிமிடத்துக்கு முன்பு 403 காட்டிய அதே உறுதியைப் புதுப்பித்தேன். முதல் பக்கம் திறந்தது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல வார்த்தை இல்லை.

வலைச் சேவையகத்தின் டொமைனில் இருந்து ஆர்க்கைவ் அடைவில் எழுத முயன்று பார்த்தேன், மறுக்கப்பட்டது. ஸ்கேனரில் ஒரு வெற்றுத் தாளைப் போட்டேன். இன்கமிங் அடைவில் வந்து சேர்ந்தது.

ஒரு சிறு விடயம் மிச்சமிருக்கிறது. 41 கோப்புகள் இன்னமும் அன்லேபில்ட்_டி என்றே நிற்கின்றன. அவற்றுக்கான மறுப்புப் பதிவுகளில் ட்ராகான் புலமே இல்லை. எல்லாமே ஒரே கிழமையில் உருவானவை. நான் எடுத்த பிரதியிலும் அவற்றின் பெயர்கள் இல்லை.

கடலோரவீதி எழுதியது:

ட்ராகான் இல்லாததே விடை, தம்பி. அவற்றில் இருப்பது வலிதற்ற லேபிள் அல்ல, லேபிளே இல்லை. பழைய இயந்திரத்தை யாரோ அந்தக் கிழமையில் எஸ்இலினக்ஸை முடக்கி ஓட்டியிருக்க வேண்டும். அப்போது உருவாகும் கோப்புகளில் அந்தப் பண்பு எழுதப்படுவதில்லை. இரண்டும் எல்எஸ்ஸில் ஒரே மாதிரித் தெரிவதால்தான் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

இங்கே காப்பாற்ற வேண்டிய பழைய பெயர் ஒன்றும் இல்லை. ஆகவே இப்போது ரெஸ்டோர்கானைத் தாராளமாகப் பாவிக்கலாம். மொடியூலோடு வந்த, எந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்று சொல்லும் எஃப்சி கோப்பில் உள்ள பாதைகள் புதிய மவுண்ட் இடத்தோடு பொருந்துகின்றனவா என்று மட்டும் முதலில் மேட்ச்பாத்கான் கட்டளையால் பாருங்கள். பாதை மாறியிருந்தால், செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்டின் ஈ விருப்பத்தால் புதிய பாதை பழையதற்குச் சமன் என்று சொல்லிவிட்டால் போதும். விதிகளைத் திரும்ப எழுதத் தேவையில்லை. முழு அடைவிலும் ஓட்டாமல், அந்த 41 கோப்புகளின் பட்டியலை மட்டும் கொடுங்கள்.

புதுக்கடைக்காரன் எழுதியது:

பாதை மாறித்தான் இருந்தது. பழையதில் டேட்டா, புதியதில் எஸ்ஆர்வி. நீங்கள் சொன்னபடி சமன் விதியை எழுதி, 'என்' (n) எழுத்து விருப்பத்தோடு ஒரு முறை பார்த்துவிட்டு, 41 கோப்புகளுக்கும் ஓட்டினேன்: 38 ஆர்க்கைவ், 3 இன்கமிங். அந்த மூன்றும் இதுவரை சரிபார்க்கப்படாமல் இருந்த உறுதிகள். நாளைக் காலையில் உரிய சட்டத்தரணியிடம் அவற்றின் பட்டியலைக் கொடுக்கிறேன்.